மூன்று பக்க மனு

என் பையனுக்கு ஹீமோபிலியா. அடிபட்டால் ரத்தம் லேசில் உறையாது. பல நேரம் அடியே படாமல் முழங்காலுக்குள் கசிந்து வீங்கிக்கொள்ளும். ரத்தம் உறையவைக்கும் ஃபாக்டர் எட்டு என்ற புரதத்தை ஊசியாகப் போட்டால் மெல்ல வடியும். ஊனச் சான்றிதழுக்கு அழைத்துப்போன அன்று பார்த்து வீக்கமே இல்லை. "நல்லாத்தானே நடக்கிறான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. 1995 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்தது ஏழே வகை ஊனம். ரத்தக் கோளாறு எதுவும் அதில் கிடையாது.

2014 பிப்ரவரியில் மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. பட்டியலில் ஹீமோபிலியாவும் இருக்கிறது என்று இதே நோயுள்ள இன்னொரு பையனின் அம்மா போனில் சொன்னார். சட்டமே வந்துவிட்ட மாதிரி அன்று வீட்டில் பாயசம். மூன்று மாதத்தில் தேர்தல், மக்களவை கலைந்தது. மசோதாவும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். தெரிந்த வக்கீல் சிரித்தார். "மக்களவையில கொண்டுவந்திருந்தா காலாவதி ஆகியிருக்கும் சார். இது மாநிலங்களவையில நிக்குது. அந்த அவை கலையவே கலையாது."

அவர் சொன்னபடியே ஆட்சி மாறியும் மசோதா பிழைத்துக் கிடந்தது. சமூக நீதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். குழுவுக்கு யார் வேண்டுமானாலும் மனு போடலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விளம்பரம் என் கைக்கு வந்தபோது கெடுவுக்கு ஆறு நாள். இரண்டு பிரதி வேண்டும். ஆங்கிலம் அல்லது இந்தியில் இருக்க வேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். டியூஷன் டீச்சர் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தார். "ராத்திரி மூணு மணிக்கு உயிர் போய் உயிர் வருது" என்று நான் எழுதியிருந்தது அவர் கையில் "கடும் சிரமம்" என்று சுருங்கிவிட்டது. மூன்று பக்கம் வந்தது. ஹீமோபிலியாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்ற ஒன்றைத்தான் மூன்று பக்கமும் கெஞ்சியிருந்தேன். மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும் என்றும் விளம்பரத்தில் ஒரு வரி இருந்ததால், என் நகலை யாரிடமும் காட்டாமல் பீரோவில் வைத்தேன்.

2015 மே மாதம் குழுவின் அறிக்கை வந்தது. குழு சொல்வது பரிந்துரைதான். அரசு எடுத்துக்கொள்ளலாம், விட்டும் விடலாம். பிறகு ஒன்றரை வருடம் பேச்சு மூச்சில்லை.

2016 குளிர்காலக் கூட்டத்தொடர் பண மதிப்பிழப்பு அமளியிலேயே கழிந்துகொண்டிருந்தது. நானும் வங்கி வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம். பெரிதாக எதுவும் நடக்காத அந்தத் தொடரில் இது எப்படியோ நுழைந்துவிட்டது. டிசம்பர் 14 மாநிலங்களவை, தொடரின் கடைசி நாளான 16 மக்களவை. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பிரிவாகச் சொல்லி, ஆம் என்போர், இல்லை என்போர் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். ஏதோ ஏலம் விடுகிற வேகம். எங்கள் வியாதி எந்த இடத்தில் தாண்டிப் போனது என்றே பிடிபடவில்லை. 27 ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2017 ஏப்ரல் 19 முதல் அமல். ஏழு வகை 21 ஆகியிருந்தது, அதில் நாங்களும்.

உண்மையாகவே பலன் இருந்தது. சான்றிதழ் கிடைத்தது. உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரியில் இடமும் கிடைத்தது.

படிப்பு முடிந்து ஓர் அரசுத் தேர்வு அறிவிப்பைப் பையன் லேப்டாப்பில் காட்டினான். "அப்பா, இதுல நம்ம பேரு எங்க?" சட்டத்தின் 34 ஆம் பிரிவை அன்றுதான் முழுசாகப் படித்தேன். வேலையில் 4 சதவீதம். மசோதாவில் 5 என்றிருந்தது, வழியில் ஒன்று குறைந்திருக்கிறது. அந்த நான்கும் பார்வை, செவி, கை கால், மற்றபடி ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவை என்று பங்கு பிரிந்துவிட்டது. ரத்தக் கோளாறுக்கு அதில் இடமில்லை. மூட்டு கெட்டுப்போயிருந்தால் கை கால் கணக்கில் வந்திருப்பான். ஊசி போட்டு ஊசி போட்டு அதைத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறோமே!

2014 மசோதாவின் பிரதியைத் தேடி எடுத்தேன். அதிலும் வேலை ஒதுக்கீட்டில் நாங்கள் இல்லை. பட்டியலோடு நிறுத்தியது நான்தான்.

பீரோவிலிருந்து பழைய மனுவை எடுத்துப் பார்த்தேன். மூன்று பக்கத்தில் வேலை என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.