லெவல் க்ளோஸ் ஆகிறதா என்று பாருங்கள்

சிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். சர்வே (நில அளவை) லேப் தொடங்கியதும் கருவிகளைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் மலைப்பு வரும். எனக்கும் வந்தது. எடுத்த அளவு சரியா என்று நாமே கண்டுபிடிக்க ஒவ்வொரு வேலையிலும் ஒரு வழி உண்டு. அதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பாடம் எனக்கு வசப்பட்டது.

சங்கிலி, ஆஃப்செட் (கோட்டிலிருந்து பக்கவாட்டில் எடுக்கும் அளவு), ரேஞ்சிங் ராட் (கோடு நேராக வர நடும் கம்பு) எல்லாம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். கண்டர் சங்கிலி 66 அடி, 100 லிங்க். ஒரு சென்ட் நிலத்தைச் சதுர அடியில் சொன்னால் 435.6; சதுர லிங்க்கில் சொன்னால் சரியாக 1000. காம்பஸை இரும்பு கேட், பைக் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு கோட்டின் ஃபோர் பேரிங்குக்கும் (தொடக்க முனையிலிருந்து பார்த்த திசைக்கோணம்) பேக் பேரிங்குக்கும் (மறுமுனையிலிருந்து திரும்பிப் பார்த்தது) 180 டிகிரி வித்தியாசம் வராவிட்டால், பக்கத்தில் இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லெவலிங்குக்குத்தான், அதாவது இடங்களின் உயர வித்தியாசத்தை அளப்பதற்குத்தான், நேரம் கொடுக்க வேண்டும். சென்னை தட்டையான ஊர். 1000-க்கு 1 சரிவில் கால்வாய் போட்டால் 100 மீட்டருக்குக் கிடைக்கும் இறக்கம் வெறும் 10 சென்டிமீட்டர். அதில் சில சென்டிமீட்டர் பிசகினாலும் மழைத்தண்ணீர் தெருவிலேயே நிற்கும்.

லெவல் கருவியை வைத்து பபிளை (மட்டம் காட்டும் காற்றுக்குமிழியை) நடுவுக்குக் கொண்டுவந்ததும் ரீடிங் எடுக்க அவசரப்படாதீர்கள். லென்ஸ் முன்னால் வெள்ளைத்தாளைப் பிடித்து, குறுக்குக் கம்பி கறுப்பாகத் தெளியும்வரை கண் வைக்கும் ஐபீஸைத் திருப்புங்கள். அப்புறம் ஸ்டாஃபுக்கு (அளவு குறித்த நீண்ட கோலுக்கு) ஃபோகஸ் செய்து, கண்ணை மேலும் கீழும் லேசாக அசைத்துப் பாருங்கள். கம்பி ஸ்டாஃப் மேல் நகர்ந்தால் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் ரீடிங் மாறும் பிழை) இன்னும் இருக்கிறது. ஸ்டாஃப் பிடிப்பவரை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டச் சொல்லுங்கள். வருவதில் மிகக் குறைந்த ரீடிங்தான், ஸ்டாஃப் செங்குத்தாக நிற்கும்போது கிடைப்பது.

பெஞ்ச்மார்க் (உயரம் தெரிந்த புள்ளி) 100.000 மீட்டர், அதன்மேல் எடுத்த முதல் ரீடிங்கான பேக்சைட் 1.415, அடுத்த புள்ளியில் 1.860 என்றால், முதலதைக் கூட்டி அடுத்ததைக் கழிக்க, அந்த இடம் 99.555. கணக்கு இவ்வளவுதான். ஆனால் புறப்பட்ட பெஞ்ச்மார்க்குக்கே திரும்பி வந்து, அதே உயரம் வருகிறதா என்று பார்த்து மூடுங்கள் (க்ளோஸ்). சாதாரண லெவலிங்கில் 24√K மில்லிமீட்டர் வரை பிழை அனுமதி. K என்பது கிலோமீட்டரில் தூரம். கால் கிலோமீட்டர் சுற்றுக்கு 12 மில்லிமீட்டர். எங்கள் சுற்று அதற்குள் மூடிய அன்று, வெயிலில் நின்ற களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

மேடவாக்கத்தில் உறவினர் வீடு கட்டும்போது மேஸ்திரி டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்ததைப் பார்த்தேன். வேலைக்கு முன்னால் குழாயின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். "உள்ள காத்து நின்னா மட்டம் பொய் சொல்லும் தம்பி" என்றார். லேபில் டூ பெக் டெஸ்ட் என்று படிப்பதும் இதே அக்கறைதான்: கருவியை நம்பும் முன் அதைச் சோதிப்பது.

நேரம் கிடைத்தால் பரங்கிமலைக்குப் போய்வாருங்கள். 1802-ல் சர்வேயர் லாம்ப்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கு ஆதாரமான கோட்டை) 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துத் திருத்தம் போட்டார்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்த வெப்பத் திருத்தச் சூத்திரம் எதற்காக என்று அந்த மலைமேல் நின்றபோது எனக்கு விளங்கியது. நம் 30 மீட்டர் எஃகு டேப்பும் 10 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும்.

கோணம் அளக்கும் தியோடலைட்டில் ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட் (செங்குத்து வட்டம் இடப்பக்கம், வலப்பக்கம் இருக்கும் நிலைகள்) இரண்டிலும் கோணம் எடுங்கள். மூடிய டிராவர்ஸில் (புறப்பட்ட புள்ளிக்கே திரும்பும் கோடுகளின் சுற்றில்) உட்கோணங்களின் கூட்டுத்தொகை (2n−4)×90 டிகிரி (n பக்கங்களின் எண்ணிக்கை) வருகிறதா என்று களத்திலேயே கூட்டிப் பாருங்கள். ஹாஸ்டலுக்கு வந்து கண்டுபிடித்தால் திரும்பவும் கருவியைத் தூக்க வேண்டும். கோணமும் தூரமும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் திரையில் எண் தானாக வந்தாலும், ஆள்கூறு தெரிந்த இன்னொரு புள்ளியை அளந்து ஒப்பிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.