செக்_ஃபைல் இடரேட்டரைச் சுருக்கும்போது

செக்_ஃபைல் (seq_file) என்பது /proc-இல் தெரியும் ப்ராக் கோப்பின் வெளியீட்டைப் பதிவு பதிவாகத் தரும் லினக்ஸ் கெர்னல் வசதி. ஸ்டார்ட் (தொடங்கு), நெக்ஸ்ட் (அடுத்த பதிவு), ஷோ (அச்சிடு), ஸ்டாப் (முடி) என்ற நான்கு ஃபங்ஷன்கள் சேர்ந்ததுதான் அதன் இடரேட்டர். பழைய லினக்ஸ் டிரைவர் ஒன்றின் ப்ராக் கோப்புக் குறிமுறையைச் சுருக்கும் வேலையில் முதலில் தூக்கியது, கடைசியாகப் படித்த நோடின் (பட்டியலில் ஒரு பதிவு) பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியை, சேமித்து வைத்திருந்த பிரைவேட் ஸ்ட்ரக்டை. ஒவ்வொரு ரீடின் முடிவிலும் ஸ்டாப் ஓடி, பட்டியலைக் காக்கும் மியூடெக்ஸ் (லாக்) விடுபடும். அந்த இடைவெளியில் நோடை யாராவது ஃப்ரீ செய்துவிட்டால் சேமித்த பாயிண்டரால் ஆபத்துதான். இரண்டு ரீடுகளுக்கு நடுவே நம்பத்தக்கது பாஸ் (pos) எண், அதாவது எத்தனையாவது பதிவு என்ற குறி, மட்டுமே.

தரவு கெர்னலின் லிஸ்டில் இருந்ததால், அதற்கென்றே இருக்கும் ஆயத்த ஃபங்ஷன்களால் மிச்சம் எளிது. ஸ்டார்ட்டில் லாக் எடுத்து செக்_லிஸ்ட்_ஸ்டார்ட், நெக்ஸ்டில் செக்_லிஸ்ட்_நெக்ஸ்ட், ஸ்டாப்பில் அன்லாக். ஸ்டார்ட் நல் (பதிவு இல்லை) கொடுத்தாலும் ஸ்டாப் ஓடும். ஆகவே அந்தப் பாதையிலும் லாக் கையில் இருக்க வேண்டும். ப்ராக் கோப்பை உருவாக்க ப்ராக்_கிரியேட்_செக் இருப்பதால் தனி ஓபன் ஃபங்ஷனும் வேண்டாம்.

நெக்ஸ்டைக் கையால் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டியல் தீர்ந்து நல் திருப்பும்போது பாஸை ஏற்றாமல் விட்டுவிடுவார்கள். 2018-இல் வந்த 4.19 கெர்னலில் செக்_ஃபைலின் உள் சுற்று எளிமையாக்கப்பட்ட பிறகு இந்தப் பிழை வெளியே தெரிய ஆரம்பித்தது. கோப்பில் தாவி (சீக்) கடைசிப் பகுதியிலிருந்து படிக்கும்போது, பாஸ் நகராததால் ஸ்டார்ட் அதே கடைசி நோடைத் திரும்ப எடுக்கும். கடைசி வரி தேவையில்லாமல் இன்னொரு தடவை வரும். வரிசையாகப் படிக்கும்போது கெர்னல் தானே எண்ணை ஏற்றிவிடும். 5.7 முதல் அப்போது "பக்கி .நெக்ஸ்ட் ஃபங்ஷன்" (பிழையுள்ள நெக்ஸ்ட்) என்று டிமெசேஜில் (dmesg, கெர்னல் செய்திப் பதிவு) எழுதவும் செய்கிறது. வெளியீடு சரியாக வருகிறதே என்று இருந்துவிடக் கூடாது, அந்த வரியைத் தேடிப் பாருங்கள். நெக்ஸ்டின் முதல் வரியிலேயே பாஸை ஏற்றிவிட்டு, அதன்பின் அடுத்த நோடைத் தேடுவதுதான் பாதுகாப்பு.

சோதனைக்கு, கோப்பை முழுதாகக் காட்டும் கேட் (cat) கட்டளை போதாது. டிடி (dd) கட்டளையில் பிஎஸ்=1 கொடுத்து ஒவ்வொரு பைட்டாகப் படித்து, கேட் வெளியீட்டோடு டிஃப் (வேறுபாடு) எடுங்கள். ஸ்கிப் கொடுத்துக் கடைசி வரியின் நடுவிலிருந்தும் படித்துப் பாருங்கள்.

ஷோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷோ அச்சிடும் பஃபர் (தற்காலிக நினைவிடம்) ஒரு நினைவகப் பேஜ் அளவில் தொடங்குகிறது. முதல் பதிவே அதில் கொள்ளாவிட்டால் ஸ்டாப் ஓடி, பஃபர் இரட்டிப்பாகி, ஸ்டார்ட்டிலிருந்து மறுபடி நடக்கும். பின்னால் வரும் பதிவு கொள்ளாவிட்டால் அடுத்த ரீடில் மீண்டும் அச்சாகும். ஆகவே "படித்ததும் கவுண்டரைப் பூஜ்யமாக்கு" போன்ற வேலை ஷோவில் இருந்தால் எண்ணிக்கை தொலைந்துபோகும். நோடை யாரும் ஃப்ரீ செய்யாதபடி நெக்ஸ்டில் எடுத்த ரெஃபரன்ஸை (பயன்பாட்டுப் பிடி) ஷோவில் விடுவதும் தவறு. நெக்ஸ்டுக்குப் பிறகு ஷோ ஓடாமலே ஸ்டாப் வரலாம், ரெஃபரன்ஸ் கசியும். அடுத்த நெக்ஸ்டிலோ ஸ்டாப்பிலோ விடுங்கள்.

ஆயிரக்கணக்கான பதிவுகள் இருந்தால் செக்_லிஸ்ட்_ஸ்டார்ட் ஒவ்வொரு ரீடிலும் தலையிலிருந்து எண்ணிக்கொண்டு வரும். அத்தகைய தரவை ஐடிஆரில் (IDR, எண்ணை வைத்துப் பதிவைத் தேடும் கெர்னல் அமைப்பு) வைத்து, ஐடியையே பாஸாக்கிவிட்டால் நடுவில் ஒரு பதிவு நீங்கினாலும் மற்ற வரிகள் தவறாது.