ஸ்டார் கேள்வி: சில தேதிகள்

நவம்பர் 11
மக்களவைக் கூட்டத்தொடர் அழைப்பு வந்தாயிற்று. எம்.பி. மேடம் பெயரில் ஒரு ஸ்டார் கேள்வி போட வேண்டும், அதாவது அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. இனி எல்லாமே நாள் கணக்கு. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே முழுசாக 15 நாள் வேண்டும். கொடுக்கிற நாளும் சேராது, பதில் வருகிற நாளும் சேராது. டிசம்பர் 6-ல் பதில் வேண்டுமென்றால் நவம்பர் 20-க்குள் போர்ட்டலில் ஏற்றிவிட வேண்டும். புது பி.ஏ.க்கள் கொடுக்கிற நாளையும் சேர்த்து எண்ணி, 21 வரை நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார்கள்.

காசிமேட்டு மீனவர் சங்கத்துக்காரர்கள் துறைமுகம் தூர்வாருவது பற்றி எழுதிக் கொடுத்தது மூன்று பக்கம். உச்சவரம்பு 150 வார்த்தை. "மெத்தனம்", "வஞ்சிக்கிறதா" இரண்டையும் முதலில் வெட்டியாயிற்று. வாதம், குத்தல், அடைமொழி எது கண்ணில் பட்டாலும் செயலகம் தள்ளிவிடும். மாநில அரசு பார்க்கிற வேலையைக் கேட்டாலும் தள்ளுபடிதான். மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பது மட்டும் மத்தியப் பட்டியல். ஆனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் மத்திய அரசின் சென்னைத் துறைமுகத்தோடு சேர்ந்தது. கேள்வி நிற்கும்.

நிற்க வேண்டும்.

நவம்பர் 12
துறைமுக அமைச்சகமா, மீன்வள அமைச்சகமா? நாள் பூரா இதே பேச்சு. ஆள் மாற்றிக் கேட்டால் "எங்களுடையது இல்லை" என்று அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து வாரத்தில் குழுவுக்கு ஒரு நாள் என்று வைத்திருப்பதால், கை மாறினால் தேதியும் போச்சு.

கேள்வி இப்போதைக்கு இப்படி: (அ) கடைசியாகத் தூர்வாரிய தேதி, எடுத்த மண் எத்தனை கன மீட்டர், செலவு, (ஆ) கடந்த மூன்று ஆண்டுகளில் பராமரிப்புக்கு ஒதுக்கியதும் செலவழித்ததும், ஆண்டுவாரியாக. "நடவடிக்கை எடுக்கப்படுமா" என்கிற வால் கூடவே கூடாது. அதற்கு "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரி போதும், அமைச்சர் தப்பித்துவிடுவார். தேதி, அளவு, தொகை என்று கேட்டால் நழுவ இடம் குறைவு.

நவம்பர் 13
மழை. எம்.பி. தொகுதி நிதி கேட்டு ஒரு கூட்டம். கோயில் மண்டபத்துக்குக் கிடையாது, சுடுகாட்டுக் கூரைக்கு உண்டு. எத்தனை தடவை சொன்னாலும் மண்டபம்தான்.

நவம்பர் 16
இரா. செழியனின் பழைய பேச்சுகளை எடுத்து வைக்கச் சொன்னார்கள் மேடம். மக்களவைக்கு 1962-ல் பெரம்பலூர், 1967-லும் 1971-லும் கும்பகோணம், பிறகு மாநிலங்களவை. பொதுக் கணக்குக் குழுத் தலைவராக இருந்தவர். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த, பிரதியே கிடைக்காமல் போயிருந்த ஷா கமிஷன் அறிக்கையைத் தொகுத்து 2010-ல் வெளியிட்டவர். தொகுதி நிதித் திட்டமே கூடாது என்று எழுதியவரும் அவர்தான். 1993-ல் 5 லட்சம் என்று ஆரம்பித்தது, இன்று ஆண்டுக்கு 5 கோடி. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. எம்.பி. கவுன்சிலர் வேலை பார்க்கிறார். அமைச்சரைக் கேள்வி கேட்கிற வேலை அம்போ. ஆனால் ஓட்டு விளக்குக் கம்பத்துக்குத்தான் விழுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

நவம்பர் 20
ஏற்றியாயிற்று. எந்த அமைச்சகம் என்று கடைசியில் மேடமே முடிவு செய்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு உறுப்பினருக்கு ஐந்து கேள்வி, அதில் ஒன்றுக்குத்தான் ஸ்டார். அது காசிமேட்டுக்கு.

நவம்பர் 22
ஸ்டார் கேள்விகளின் வரிசைக்குக் குலுக்கல். நம்முடையது 14.

ஒரு நாளைக்கு எடுக்கிற இருபது ஸ்டார் கேள்விக்குள் வந்ததே பெரிது என்கிறார் டெல்லி பி.ஏ. என்ன பெரிது? 11 மணியிலிருந்து 12 வரை, அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்வி ஓடினாலே ஜாஸ்தி. அதற்குப் பின்னால் இருப்பதற்கெல்லாம் எழுத்துப் பதில்தான். கேட்டவருக்கு இரண்டு துணைக்கேள்வி உண்டு என்பதற்காகத்தானே ஸ்டார் போடுவது. 14-ல் அது ஏட்டுச் சுரைக்காய்.

டிசம்பர் 2
பட்டியலில் இருக்கிறது. அமைச்சகம் மாறவில்லை. அப்பாடா.

டிசம்பர் 4
14-க்கு எதற்குத் துணைக்கேள்வி என்று கேட்கிறார்கள். முன்னால் இருப்பவர்கள் நாலு பேர் வரவில்லையென்றால்? முதலாவது: தூர்வாரிய அளவு பதிலில் இருந்தால், விசைப்படகு தரைதட்டாமல் நுழைய அது போதுமா. இரண்டாவது: இல்லையென்றால், அளவெடுப்பது யார் பொறுப்பு. முன்னுரை ஒரு வாக்கியம், அதற்கு மேல் போனால் சபாநாயகர் "கேள்வியைக் கேளுங்கள்" என்பார். துணைக்கேள்வி பதிலிலிருந்து முளைக்க வேண்டும். ஐஸ் விலை, டீசல் மானியம் எல்லாவற்றையும் இதில் செருகச் சொல்லிச் சங்கத்திலிருந்து போன் மேல் போன்.

டிசம்பர் 6
11-க்கு அமளி. 12 வரை ஒத்திவைப்பு. முதல் கேள்வியும் இல்லை, பதினாலாவதும் இல்லை. இருபதும் எழுத்துப் பதில்.

(ஆ)-வுக்கு அட்டவணை வந்திருக்கிறது, ஒழுங்காக. (அ)-வுக்கு: "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்."

மேடத்துக்குக் கோபம். எனக்கு இதுதான் நல்ல பதில் என்று படுகிறது. இந்த வாசகம் வந்துவிட்டால் அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், தவறினால் உறுதிமொழிக் குழு கேட்கும். அமைச்சகம் கூடுதல் அவகாசம் கேட்கலாம், கைவிடச் சொல்லிக்கூட எழுதலாம். அதனால் கேள்வி எண், தேதி, அந்த வரி மூன்றையும் தனி நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பல ஆபீஸில் பதில் வந்ததும் கோப்பைக் கட்டிவிடுகிறார்கள். கெடு மார்ச் 6.

டிசம்பர் 7
பதிலைத் தமிழில் எழுதி காசிமேட்டுக்கு அனுப்பினால், "தேதி எங்க தம்பி?" என்று ஒரே வரி.

டிசம்பர் 9
காசிமேட்டு விஷயத்தை மறுபடி எழுப்ப வேறு வழி பார்க்கிறேன். கேள்வி நேரத்துக்குப் பிறகு அவசர விஷயம் பேசுகிற ஜீரோ ஹவருக்குக் காலை 10 மணிக்குள் கொடுக்க வேண்டும், அதற்கும் குலுக்கல். வேறு விதியில் எழுப்ப முடியாததை எழுப்புகிற விதி 377-ல் போகலாம். வாரத்துக்கு ஒன்று, 250 வார்த்தை, அமைச்சகத்திலிருந்து எழுத்தில் பதில் வரும். எழுதிய வரைக்கும் 263. சங்கத்துப் பெயரை எடுத்தால் 259. எடுத்தால் அவர்கள் சும்மா விட மாட்டார்கள்.