புழு வேண்டாமென்ற கத்தரி: நான்காம் வருஷக் கணக்கு

பள்ளிகொண்டா பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடம். அதில் நான்கு வருஷமாக ஒரே வேலை: மருந்தடிக்காமலேயே காய்ப்புழுவைத் தாங்குகிற கத்தரியைத் தேடுவது. ஆரம்பித்தது இலவம்பாடி முள்ளுக் கத்தரியில். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதைவிட்டால் வேறு கிடையாது என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. அந்த முள் தோட்டக்காரிக்குத்தான், புழுவுக்கு இல்லை. நம் விரல்தான் கிழியும்.

இந்தப் புழுவை மருந்தால் பிடிப்பது கஷ்டம். அந்துப்பூச்சி ராத்திரியில் முட்டை வைக்கிறது. பொரித்த புழு முதலில் குருத்துக்குள் போகிறது. நுனி தொங்கினால்தான் நமக்குத் தெரியும். காய் வந்ததும் அதற்குள் நுழைந்து, தின்று முடித்து, வெளியே வந்து, கீழே சருகில் கூடு கட்டிவிடும். காயில் நாம் பார்க்கிற பெரிய ஓட்டை அது வெளியேறின வழி. மேலே அடிக்கிற மருந்து உள்ளே இருக்கிறதை என்ன செய்யும்? 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்த, மரபணு மாற்றின பி.டி. கத்தரியும் இந்தப் புழுவுக்காக உருவாக்கியதுதான்.

2022 ஆடியில் முப்பது செடி வைத்தேன். மருந்து ஒரு சொட்டு இல்லை. பக்கத்து நிலத்து அண்ணன் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "ஏம்மா, உன் தோட்டத்துல புழு வளக்கிற, என் வெண்டைக்கு வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். வெண்டையில் துளைப்பது வேறு புழு என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. அதிலிருந்து ஒரு ஏற்பாடு: தொங்கின குருத்தை எண்ணி எழுதிவிட்டு, உடனே கிள்ளித் தண்ணி வாளியில் போடுவது. புழு இருந்தால்தான் எந்தச் செடி தாங்குகிறது என்று தெரியும். ஆனால் அக்கம்பக்கமும் வேண்டுமே.

அந்த வருஷம் ஒரே ஒரு செடி சுத்தமாக நின்றது. வெற்றி என்று குதித்து, அதன் விதையை மட்டும் எடுத்து 2023-ல் விதைத்தேன். அத்தனையும் சொத்தை. முதல் வருஷ நோட்டைப் புரட்டினபோதுதான் புரிந்தது. அந்தச் செடி தென்னை நிழலில், ஓரத்தில், மற்றதைவிட ரொம்பத் தாமதமாகப் பூத்தது. புழு அதை விட்டுப்போனதற்கு அதன் குணம் காரணமில்லை. இப்போது ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரு சாதாரண முள்ளுக் கத்தரியை ஒப்பீட்டுக்கு வைக்கிறேன். அதுவே அடிபடவில்லை என்றால் பக்கத்துச் செடியை மெச்ச வேண்டியதில்லை.

அதே வருஷம் குடியாத்தத்தில் வாங்கின நீள மெலிசான பச்சைக் கத்தரியோடு மகரந்தம் மாற்றிக் கலப்புச் செய்தேன். கத்தரியில் எல்லாப் பூவும் காய்க்காது. சூல்முடி, அதாவது பூவின் பெண் உறுப்பு நுனி, மகரந்தப் பைகளுக்கு மேலே நீண்டு நிற்கிற பூதான் நமக்கு வேண்டும். குட்டையாக உள்ளே அடங்கினது உதிர்ந்துவிடும். இது தெரியாமல் முதல் பத்துப் பூவை வீணாக்கினேன். சாயங்காலம், நாளைக்கு மலரப்போகிற மொட்டைத் திறந்து மகரந்தப் பைகளைப் பிடுங்கிவிட்டு, கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்த வலைப்பையை மாட்டிவிடுவேன். காலையில் அப்பாவாக வைத்த செடியின் மகரந்தத்தைத் தடவுவது. சுண்டையோடும் சேர்த்துப் பார்த்தேன். பிஞ்சு எல்லாம் கொட்டிப்போச்சு. சுண்டையில் கத்தரியை ஒட்டுக்கட்டினால் வேர் வாடல் நோயைத் தாங்கும், காய்க்குள் போகிற புழுவுக்கு அது தடையாகாது.

2024-ல் ஆறு கலப்புச் செடி, எல்லாம் ஒரே மாதிரி. 2025-ல் அதன் பிள்ளைகள் நாற்பத்தெட்டு, ஒன்று மாதிரி ஒன்று இல்லை! வாரா வாரம் பறிப்பு, ஒவ்வொரு செடிக்கும் மொத்தக் காய், சொத்தைக் காய். ஒப்பீட்டுச் செடிகளில் பாதி காய் போனது. 17-ம் செடியில் 64 காயில் 9 மட்டும் சொத்தை. 31-ல் 52-க்கு 14.

17-ஐச் சமைத்து அத்தைக்குப் போட்டேன். தோல் கெட்டி, விதை நெருக்கம், அடிநாக்கில் கசப்பு. அத்தை தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னாம்மா இது, புழுவே வேணான்னு வுட்ட காய நம்பள துன்னச் சொல்றியா?" என்றார். நான்கு வருஷ நோட்டில் இல்லாத உண்மை அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அந்தக் கெட்டித் தோலும் நெருங்கின விதையும்தான் புழுவைத் தடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். 31 கொஞ்சம் அடிபட்டாலும் முள்ளுக் கத்தரி ருசி அப்படியே.

இனிமேல் முழுசாகச் சொத்தையில்லாத செடியைத் தேடுவதாக இல்லை. 1973-ல் வந்த ஐ.ஆர். 26 நெல், புகையான் என்ற பூச்சியை எதிர்க்க ஒரே மரபணுவை நம்பி இருந்தது. சில வருஷத்திலேயே பூச்சி அதைத் தாண்டிவிட்டது. சின்னச் சின்னத் தடை பல சேர்ந்தால் பூச்சிக்கு அது அவ்வளவு சுலபமில்லை. பத்துக்கு இரண்டு காய் சொத்தை போனால் போகட்டும்.

இப்போது 17-லும் 31-லும் வலைப்பை மாட்டியிருக்கிறேன். இரண்டையும் ஒன்றோடு ஒன்று சேர்த்த காய் மூன்று நிற்கிறது, மஞ்சளாகப் பழுக்க இன்னும் ஒரு மாசமாகும். கத்திரி வெயில் தாண்டினால் ஆடியில் நாற்று விடலாம். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.