மூன்றாவது கியர் உதைத்ததற்குக் காரணம் பின்கதவில் இருந்தது

நேற்று மாலை அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் வரை போய்த் திரும்பினேன். போகும்போதும் வரும்போதும் இரண்டிலிருந்து மூன்றுக்குக் கியர் மாறியதே தெரியவில்லை. நான்கு மாதமாக முதுகில் குத்துவதுபோல உதைத்துக்கொண்டிருந்த வண்டி. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி மெர்சிடிஸ் டபிள்யூ 123, 300டி, 1983 மாடல். ஐந்து சிலிண்டர் டீசல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜினைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. கியர் பாக்ஸ்தான் படுத்தியது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்திருந்தாலும் டம்மென்று மாறும். ஒரு பட்டறையில் காட்டியபோது, “பாக்ஸை இறக்கணும் சார், கிளட்ச் பிளேட் எல்லாம் போயிருக்கும்” என்று சொல்லி, கேட்டால் தலை சுற்றும் ஒரு தொகையும் சொன்னார்கள். ஆனால் டிப்ஸ்டிக்கில் ஆயில் சிவப்பாகவே இருந்தது. கருகின வாடை இல்லை. கிளட்ச் எரிந்திருந்தால் ஆயில் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாடை இல்லாத பாக்ஸைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் வடிகால் திருகு இருப்பதால் பழைய ஆயிலை முழுக்க இறக்க முடிந்தது. புது ஆயில் ஊற்றி, இன்ஜின் ஓடும்போது பார்க்கிங்கில் வைத்து, நன்றாகச் சூடான பிறகு அளவு பார்த்தேன். எல்லாம் சரி. உதை மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் வேக்யூம், அதாவது குழாய்களில் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடத்தின் பக்கம் திரும்பினேன். பெட்ரோல் வண்டியில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வேக்யூம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடையாது, தனி பம்ப் வைத்து உண்டாக்க வேண்டும். பிரேக் மிதிக்கத் துணை செய்யும் சர்வோ, இன்ஜினை அணைப்பது, கதவுப் பூட்டு, கியர் எவ்வளவு அழுத்தமாக மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் மாடுலேட்டர் எல்லாம் அந்த ஒரு பம்பை நம்பித்தான் இருக்கின்றன. மாடுலேட்டருக்கு வேக்யூம் குறைந்தால், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்திருக்கிறோம் என்று பாக்ஸ் நினைத்துக்கொள்ளும். உள்ளே ஆயில் அழுத்தம் ஏறும், கியர் உதைத்து மாறும்.

இரண்டு துப்பு கண்ணெதிரிலேயே இருந்திருக்கின்றன. சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜின் நாலைந்து விநாடி ஓடித்தான் நின்றது. பின் இடது கதவு மற்ற கதவுகளோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளாது. வாங்கிய நாளிலிருந்து அந்தக் குமிழைக் கையால் அழுத்தித்தான் பூட்டி வந்தேன். இரண்டையும் கியரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

வேக்யூம் அளக்கும் கேஜ் மாட்டியதும் விஷயம் வெளியே வந்தது. ஐடிலில் 380 மில்லிமீட்டர் (பாதரச அளவு)தான் காட்டியது. நம் ஊர் கடல் மட்டம், நல்ல பம்ப் 550-ஐத் தாண்ட வேண்டும். பம்ப் போய்விட்டதோ என்று வயிறு கலங்கியது. கிளைக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, டெஃப்லான் டேப் சுற்றிய சின்ன ஸ்க்ரூவால் அடைத்துக்கொண்டே வந்தேன். இதில் சோப்புத் தண்ணீர் உதவாது. காற்று உள்ளே போகிறதே தவிர வெளியே வருவதில்லை, குமிழி எங்கிருந்து வரும்? ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு நிமிடம் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பூட்டுக்குப் போகும் மஞ்சள் குழாயை அடைத்தபோது முள் 580-க்கு ஏறியது! சாவியைத் திருப்பினேன், இன்ஜின் உடனே நின்றது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய குழாயிலிருந்து கிளை பிரியும் இடத்தில் மிகச் சிறிய துளையுள்ள தடுப்பு ஒன்று இருக்கும். கதவில் கசிந்தாலும் மொத்த வேக்யூமும் போய்விடாமல் காப்பது அதுதான். என் வண்டியில் யாரோ அதை எடுத்துவிட்டு, மீன் தொட்டிக்குப் போடும் ‘டி’ இணைப்பை வைத்து, சைக்கிள் வால்வு ட்யூப்பால் கோத்திருந்தார்கள். கடல் காற்றிலும் இன்ஜின் சூட்டிலும் அந்த ட்யூப் பிசுபிசுத்துப் போயிருந்தது. ஒரு பழைய வண்டியின் குழாயைக் கழற்றுகிறவர்கள், அங்கே இருந்த சாமான் எதற்காக இருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் புண்ணியமாகப் போகும்.

கதவு அட்டையைப் பிரித்துப் பார்த்தால், வேக்யூமில் பூட்டை இழுக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் விளிம்போடு கிழிந்திருந்தது. சென்னை புதுப்பேட்டையில் இரண்டு பழையது கிடைத்தது. கடையிலேயே குழாய் முனையை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்த்தேன். ஒன்று நாக்கில் ஒட்டிக்கொண்டு விடவே இல்லை, அதைத்தான் வாங்கினேன். கடைக்கார அண்ணன் தடுப்பையும் தேடி எடுத்துக் கொடுத்து, “இதுக்குக் காசு வேணாம் தம்பி” என்றார். ரப்பர் எல்போக்களை மட்டும் ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கினேன். ரப்பரைப் பழையதாக வாங்காதீர்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இப்போது கியர் அளவுக்கு மீறி மென்மையாகிவிட்டது. கோரிமேடு ஏற்றத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நடுவில் பிடி விட்டு இன்ஜின் சீறியது. உதையைவிட இது ஆபத்து. அந்தச் சீறலில்தான் கிளட்ச் தேயும், நல்ல பாக்ஸ் நிஜமாகவே கெட்டுப்போகும். உதையை மறைக்க, முன்பு யாரோ மாடுலேட்டரைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள். வேக்யூம் சரியானதும் அந்தக் கள்ளக் கணக்கு வெளியே வந்துவிட்டது.

மாடுலேட்டரின் ரப்பர் மூடியை எடுத்தால் உள்ளே சாவி போன்ற சின்னத் திருகு இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் அழுத்தம் கூடும். அரைச் சுற்று திருப்புவது, கோரிமேடு ஏறிப் பார்ப்பது, வீட்டுக்கு வந்து ஜாக் ஸ்டாண்டில் ஏற்றுவது, சைலன்சர் ஆறக் காத்திருப்பது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போயிற்று. மூன்றாவது அரைச் சுற்றில் சீறல் நின்றது. நான்காவதைத் திருப்பியபோது லேசாக உதைக்கத் தொடங்கியதால் அதைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

இன்னும் ஒரு குறை பாக்கி. ஸ்பீட் பிரேக்கருக்கு வேகம் குறைக்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குகையில் ஒரு சின்னத் தட்டு கேட்கிறது. இன்ஜெக்ஷன் பம்ப் மேலிருக்கும் வேக்யூம் கன்ட்ரோல் வால்வு மீது எனக்குச் சந்தேகம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கும்போது அது போதுமான வேக்யூமை விடவில்லை போலிருக்கிறது. வால்வைத் தொடுவதற்கு முன்னால் மற்ற மூன்று கதவுகளின் டயாஃப்ரத்தையும் கை பம்ப் வைத்துப் பார்க்கப் போகிறேன். டிரைவர் கதவின் அட்டையை இன்று காலையே கழற்றிவிட்டேன்.