ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் உபுண்டுவும்: குளோன் எடுத்த அனுபவம்

என் மடிக்கணினியின் 512 ஜிபி எஸ்எஸ்டியில் பத்து ஜிபிகூட மிச்சமில்லை. விண்டோஸ் பக்கம் மனைவியின் தையல் கணக்கும் வாடிக்கையாளர் அளவுகளும் இருக்கின்றன. உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) பக்கம் அப்பா பேசிய ஒலிப்பதிவுகள். அப்பா இப்போது இல்லை, அந்தக் குரலுக்கு வேறு பிரதியும் இல்லை. இத்தனை நாள் இப்படியே விட்டுவைத்தோமே என்று வயிறு கலங்கியது. கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போய் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றும், அதை யுஎஸ்பியில் செருக ஒரு கேசிங்கும் (வெளிப்பெட்டி) வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்தேன். நேரே குளோன் எடுக்க, அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுக்க, மனம் வரவில்லை. எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் போய் உட்கார்ந்துவிடும். அதனால் முதலில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் முழு இமேஜ், அதாவது டிஸ்க் முழுவதையும் கோப்புகளாகச் சேமித்த பிரதி.

“ஏங்க, தீபாவளி ஆர்டர் அளவெல்லாம் அதுலதான் இருக்கு, பார்த்து செய்ங்க” என்றார் மனைவி.

பென் டிரைவிலிருந்து டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருளான குளோன்சில்லாவை ஏற்றினேன். சி டிரைவிலேயே நின்றுவிட்டது. காரணம், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையை ஒரு கோப்பில் எழுதிவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை (விண்டோஸ் கோப்பு முறையில் அமைந்த டிஸ்க் பகுதியை) தொடக் கூடாது. விண்டோஸுக்குள் போய் அதை நிறுத்தி, மறுபடி அணைத்து வந்ததும் வேலை ஓடியது. என் கணினியில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இல்லை. உங்களிடம் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இமேஜ் முடிந்து, சரிபார்ப்பும் முடிந்தபோது மணி நாலு. வானம் கறுத்து இடி இடித்தது. கோலாலம்பூர் இடிக்கு நடுவே குளோன் எடுப்பது சரியாகப் படவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஞாயிறு காலை குளோன். டிஸ்க்கைப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், அளவையும் மாடலையும் இரண்டு தடவை பார்த்தே தேர்ந்தெடுத்தேன். முடிந்ததும் புதியது உள்ளே, பழையது கேசிங்கில். கேபிளைக் கழற்றாமலே கணினியைப் போட்டேன். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியல் வந்தது, உபுண்டுவும் வந்தது. எல்லாம் சரி என்றுதான் தோன்றியது. ஆனால் டெர்மினலில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், ரூட் (உபுண்டு ஓடும் பார்ட்டிஷன்) இருந்த இடம் உள்ளே இருக்கும் என்விஎம்இ இல்லை, யுஎஸ்பியில் இருக்கும் எஸ்டிஏ5. பழைய டிஸ்க்கிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது!

குளோன் எடுக்கும்போது யுயுஐடியும் (பார்ட்டிஷனின் அடையாள எண்) அப்படியே நகலாகிவிடும். உபுண்டு தன் பார்ட்டிஷனைத் தேடுவது அதை வைத்துத்தான். ஒரே அடையாளத்தில் இரண்டு இருந்தால் எது கிடைக்கிறதோ அது. பழையதைக் கழற்றி மறுபடி போட்டபோது என்விஎம்இ0என்1பி5 என்று வந்தது. அப்புறம் விண்டோஸ், மனைவியின் கணக்கு. எல்லாம் திறந்தது.

புதிதாகக் கிடைத்த 450 ஜிபிக்கு மேற்பட்ட இடம் டிஸ்க்கின் கடைசியில் இருக்கிறது. சி டிரைவோடு சேர்க்க முடியாது, நடுவே விண்டோஸின் ரெக்கவரி (மீட்பு) பார்ட்டிஷனும் உபுண்டுவும் உள்ளன. அவற்றை நகர்த்தலாம்தான், ஆனால் அப்பாவின் குரல் இருக்கும் பார்ட்டிஷனை நகர்த்த எனக்கு மனமில்லை. இரண்டு பக்கமும் திறக்கும் தனி என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனாக்கி, ஒலிப்பதிவுகளின் இன்னொரு பிரதியை அதில் போட்டேன்.

ஒன்றைத் திறந்து கேட்டேன். “தம்பி, மழைக்கு முன்ன வந்துருப்பா.” தெளிவாக இருக்கிறது. பழைய எஸ்எஸ்டியை இன்னும் அழிக்கவில்லை. இரண்டு வாரம் போகட்டும், அப்புறம் அந்த இமேஜை அதிலேயே இறக்கி, பூட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும்.