அனுமதி இலவசம்; கேட்டைத் தாண்டுவது எப்படி?

பல்கலைக்கழகக் காட்சிக்கூடமோ கல்லூரிக் கலைக்கூடமோ, பொதுமக்களுக்கு நிகழ்ச்சி வைத்தால் நோட்டீசின் அடியில் "அனைவரும் வருக, அனுமதி இலவசம்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். கேரளத்தில் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாலுகாவில், அந்த வரியை மட்டும் நம்பி வருகிறவர்கள் குறைவு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை வெளியே நிறுத்துவது டிக்கெட் விலை அல்ல. கேட்டில் நீட்டப்படும் ரிஜிஸ்டர், தமிழ் ஒரு வரிகூட இல்லாத சுவர், திரும்பிப் போகப் பஸ் கிடைக்குமா என்ற பயம், இந்த மூன்றும்தான் தடுக்கின்றன. இலவச நிகழ்ச்சி நடத்தும் ஆசிரியர்களும் மாணவர்களும் பட்ஜெட் போடுவதற்கு முன்னால் இந்த மூன்றுக்கும் வழி செய்துவிட வேண்டும்.

முதலில் கேட். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே செக்யூரிட்டிக்கு எழுத்தில் ஒரு கடிதம் போக வேண்டும்: தேதி, நேரம், எந்த வாசல், அடையாள அட்டை கேட்க வேண்டாம், பெயரும் போன் நம்பரும் எழுத வாங்க வேண்டாம். வாய்மொழியாகச் சொன்னது ஷிப்ட் மாறினதும் காணாமல் போய்விடும். அன்று மாலை டியூட்டியில் இருப்பவர் கையிலேயே ஒரு நகல் இருக்கட்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் கையில் அமுக்கும் கவுண்டர் ஒன்று போதும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து நேராக வரும் பெரியவரிடம் "எந்த டிப்பார்ட்மென்ட், யாரைப் பார்க்கணும்" என்று கேட்டால் அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார். போய்ப் பத்துப் பேரிடம் சொல்லவும் செய்வார். கேட்டிலேயே தமிழ் பேசும் மாணவர் இரண்டு பேரை நிறுத்துங்கள். "வாங்கய்யா, வாங்கம்மா, இப்படித்தான் வழி" என்று கூட நடந்து வந்தால் போதும். கழிப்பறைப் பூட்டைத் திறந்து வைக்கச் சொல்வதும் அதே கடிதத்தில் இருக்கட்டும். பெண்கள் கூட்டம் பாதியில் கலைவதற்குப் பல சமயம் அதுதான் காரணம்.

அடுத்தது மொழி. இந்த வட்டாரத்தில் தமிழர் என்றால் ஒரே மாதிரி வாசகர் இல்லை. தமிழ் மீடியத்தில் படித்த பெரியவர்களுக்குத் தமிழ் மட்டும் வாசிக்க வரும். அவர்கள் பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பார்கள். இரண்டும் வாசிக்காத வயதான பெண்களும் வருவார்கள். அதனால் படைப்புகளின் பக்கத்தில் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் விளக்கச் சீட்டு வேண்டும். அதற்கு மேல், வாயால் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. அந்த மாதிரித் துறை மாணவர்களை வழிகாட்டிகளாகக் கேட்டு வாங்குவது, வெளியிலிருந்து ஆள் அழைப்பதைவிட எவ்வளவோ மேல். ஒருவருக்குப் பதினைந்து பார்வையாளர்கள், இருபது நிமிடம், நான்கைந்து படைப்புகள். அதற்கு மேல் போனால் கால் வலிக்க ஆரம்பித்து, கவனம் பெஞ்சைத் தேடும்.

வழிகாட்டிக்குத் தகவலைவிட முக்கியம், வரப்போகும் கேள்விக்குத் தயாராக இருப்பது. உதாரணத்துக்குக் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை. பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். எல்லையின் இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடத்தக்கவர். அந்த ஓவியங்களின் அச்சுப் பிரதியை மாட்டினால் வரும் முதல் கேள்வி, "இதில் என்ன எழுதியிருக்கு?" பரப்பு முழுக்க எழுத்து மாதிரி கிறுக்கல், கட்டம், குறி. வாசிக்கத் தெரியாததால்தான் புரியவில்லை என்று கேட்பவர் கூச்சப்படுவார். ஜாதகக் கட்டத்தையும் ஏட்டெழுத்தையும் வடிவமாக எடுத்துக்கொண்டு வரைந்தது, வாசிப்பதற்காக எழுதியது அல்ல என்று உடனே சொல்லிவிட்டால் அவர் முகம் தெளிந்துவிடும். பிறகு தானே கிட்டே போய்ப் பார்ப்பார்.

தமிழ்ச் சீட்டு அச்சாகும்போது நடக்கும் விபத்து ஒன்று உண்டு. பாலக்காட்டு பிளெக்ஸ் கடையிலோ டிடிபி கடையிலோ பழைய டிசைன் சாப்ட்வேர் இருந்தால், யூனிகோடில் நீங்கள் அனுப்பும் தமிழ் உடைந்துவிடும். 'கொ' என்பதில் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி, நடுவில் புள்ளி வட்டம் முளைக்கும். கடைக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவர் கண்ணில் படாது. அதனால் எழுத்தை வேர்டு பைலாக அனுப்பவே கூடாது. நீங்களே பக்கத்தை அமைத்து, எழுத்தை அவுட்லைனாக (பான்ட் இல்லாமலே நிற்கும் கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎப் ஆகக் கொடுங்கள். ஒரு ஏ4 தாளில் மாதிரி அச்சடித்து வாங்கி, கொ, கோ, கௌ, ஸ்ரீ இருக்கும் இடங்களை விரல் வைத்துப் பாருங்கள். எழுத்தளவு சீட்டுக்கு 20 பாயின்டுக்குக் குறையக் கூடாது, சுவர் அறிமுகத்துக்கு 40. தமிழ் ஆங்கிலத்தைவிட இடம் அதிகம் பிடிக்கும். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் தமிழைத் திணித்தால் எழுத்து சிறுத்துப்போய், பெரியவர்களுக்கென்றே போட்டது பெரியவர்கள் கண்ணுக்கே எட்டாமல் போகும்.

இனி நிகழ்ச்சி. இந்த மண்ணுக்குத் தோல்பாவைக்கூத்தை விடப் பொருத்தமான இலவச மாலை வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. பாரதப்புழைக் கரையோரம் பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பத்ரகாளி கோயில்களில், கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே பாடி, தோல் பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டுகிறார்கள். ஆட்டுபவர்களுக்குப் பெயரே புலவர். தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன தேவிக்காக நடப்பது என்பது ஐதீகம். கூத்துக்கென்றே கட்டிய மேடையான கூத்துமாடம் கோயிலைப் பார்த்து இருக்கும். மனிதர் ஒருவர்கூட வராவிட்டாலும் கூத்து நிற்காது. கூனத்தறையின் கிருஷ்ணன்குட்டிப் புலவர் இதைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டு வந்தார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ் பேசும் சனங்கள் இத்தனை பக்கத்தில் இருந்தும், இது தங்கள் மொழிப் பாட்டு என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. நோட்டீசின் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

தேதிதான் கஷ்டம். ஜனவரியிலிருந்து மே வரை கோயில்களில் கூத்துக் காலம், குழுக்கள் கிடைப்பது அரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஐப்பசி மழையும் விட்ட பிறகு, டிசம்பர் முதல் பாதி மிஞ்சும். அதில் செமஸ்டர் பரீட்சை வராத சனிக்கிழமையைப் பிடியுங்கள். (ஓவியக் கண்காட்சிக்கு வருஷம் முழுக்க இடம் உண்டு, கல்பாத்தித் தேர், சித்தூர் கொங்கன்படை, நெம்மாறை வல்லங்கி வேலா ஆகிய திருவிழா நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள்.) டிசம்பரில் சூரியன் ஆறு மணி சுமாருக்கு மறையும், ஆறே முக்காலுக்கு நல்ல இருட்டு. ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டேகாலுக்கு முடிப்பது சரியாக வரும். சாயங்காலத் தென்னை ஏற்றம் முடித்துக் கள்ளிறக்குபவர்கள் வரவும் அந்த நேரம் ஒத்துவரும். பொள்ளாச்சிப் பக்கமும் கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் கடைசிப் பஸ் எப்போது என்று டிப்போவில் கேட்டு, அந்த நேரத்தை நோட்டீசிலேயே போடுங்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் சட்டப்படி கூடாது. எட்டேகாலுக்கு முடித்தால் அந்தக் கவலையும் இல்லை.

கூடத்துக்குள் வைக்காதீர்கள். எண்ணெய் விளக்கின் புகை ஓவியங்களில் படியும், புகை அலாரமும் அலறும். முற்றத்தில் வையுங்கள். கோயில் கூத்துமாடத்தின் திரை சுமார் 42 அடி நீளம். பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட 21 விளக்குகள். இரண்டடிக்கு ஒரு விளக்கு என்று கணக்கு வருகிறது. முற்றத்தில் 12 அடித் திரை கட்டினால் 6 விளக்கு. மேல் பகுதி வெள்ளைத் துணி, கீழே கறுப்பு. வெள்ளை பருத்தியாகவே இருக்கட்டும், தையல் நடுவில் வராமல், ஒற்றை மடிப்பாக, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். பாலியெஸ்டர் பளபளக்கும், தீ பட்டால் உருகி ஒட்டும்.

டிசம்பரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வீசும். திறந்த முற்றத்தில் திரி நிற்காது, திரை பாய்மரம் மாதிரி உப்பும், பாவை துணியை விட்டு விலகும். விலகினால் உருவம் கலங்கிவிடும். ஆறு விளக்கு இருந்தும் நிழல் ஒன்றாகக் கூர்மையாக விழுவதற்குக் காரணமே, மான் தோல் பாவை துணியோடு ஒட்டி நிற்பதுதான். ஆகவே மேடையின் முதுகு கட்டடச் சுவரை ஒட்டி இருக்கட்டும், பக்கங்களில் பிளைவுட் தடுப்பு வையுங்கள், மேலே மட்டும் புகை போக வழி விடுங்கள். தார்ப்பாய் வேண்டாம். மணல் வாளி இரண்டு, ஈரச் சாக்கு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில்.

இன்னொரு எதிரி, கேம்பஸ் விளக்கு. மரத்தடி சோடியம் விளக்கு ஒன்று எரிந்தால் போதும், திரை வெளிறிவிடும். எலக்ட்ரிக்கல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து, முற்றத்தைப் பார்க்கும் விளக்குகளை ஏழு மணிக்கு அணைக்கச் சொல்லுங்கள். வெளியேறும் வழி விளக்கு மட்டும் தாழ்வாக எரியட்டும்.

எந்தக் கட்டம் என்பதைக் குழுவோடு முன்பே பேசி வையுங்கள். கோயிலில் 7, 14, 21 இரவுகளாக நீளும் கதையை 75 நிமிடத்தில் அடைக்கச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு கட்டம், பாட்டும் அதற்குப் புலவர் சொல்லும் விளக்கமும் முழுசாக. போர் மட்டும் வேண்டும், பேச்சைக் குறையுங்கள் என்று கேட்கிற பழக்கம் அமைப்பாளர்களிடம் இருக்கிறது. தமிழ்க் காது உள்ள கூட்டத்துக்கு அந்தப் பேச்சில்தான் ருசி. முடிந்ததும் திரைக்குப் பின்னால் பத்துப் பத்துப் பேராக அழைத்துப் போங்கள். குழந்தைகள் விளக்கை விட்டு நகரமாட்டார்கள்.

மறுநாள் ஞாயிறு காலை, 10 வயதுக்கு மேற்பட்ட 25 குழந்தைகளுக்குப் பாவை செய்யும் பயிற்சி வைக்கலாம். 300 ஜிஎஸ்எம் கறுப்பு அட்டை ஏ3 அளவில் 20 (பாதியாக வெட்டினால் 40), மூங்கில் குச்சி 60, பித்தளைப் பிளவு பின் 40, தோலில் ஓட்டை போடும் 2, 3, 5 மில்லிமீட்டர் பஞ்ச் நான்கு செட், சுத்தி நான்கு, அடியில் வைக்க மரக்கட்டை ஆறு. வரைய 20 நிமிடம், வெட்ட 30, ஓட்டை போட 25, கை மூட்டுப் பொருத்த 15. எல்லாக் குழந்தையும் முதலில் நேர்முகமாகத்தான் வரையும். நிழலில் அது வெறும் கறுப்பு உருண்டை. பக்கவாட்டு முகம் வரையச் சொல்லுங்கள், கண் ஒரு ஓட்டையாக இருக்கட்டும். ஓட்டைகள் நெருங்கினால் அட்டை கிழியும். ஓட்டையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியாவது வேண்டும். இரண்டு கையும் அசைய வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். ஒரு கை போதும், குச்சி பிடிக்க அவர்களுக்கும் கை வேண்டுமே. ஆட்டிப் பார்க்கும்போது டியூப்லைட், எல்இடி பேனல் வேண்டாம். பரந்த வெளிச்சத்தில் விளிம்பு மங்கும். ஒற்றைப் பல்பு, திரைக்கு ஐந்தடி பின்னால். முன்பதிவு செய்தவர்களில் கொஞ்சம் பேர் வரமாட்டார்கள், இலவசம் என்றால் அப்படித்தான். காத்திருப்போர் பட்டியலில் பத்துப் பேர் வைத்து, ஆரம்ப நேரத்துக்குப் பத்து நிமிடம் கழித்து உள்ளே விட்டுவிடுங்கள்.

கூடவே பழைய பாவைகளைக் காட்சிக்கு வைத்தால், தோலுக்கும் சாயத்துக்கும் வெளிச்சம் 50 லக்சைத் தாண்டக் கூடாது. தைல ஓவியத்துக்கு 200 வரை போகலாம். படத்தின் நடு தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர். வெளிச்சுவரில் மாட்டினால் சட்டத்தின் பின் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிக் காற்றோட்டம் விடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

ஆளைச் சேர்ப்பதற்கு இன்ஸ்டாகிராம் உதவாது. வேலந்தாவளம் காய்கறிச் சந்தை, ரேஷன் கடை, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழுக் கூட்டம், இங்கெல்லாம் போய்ச் சொல்லுங்கள். தமிழில் 40 விநாடி வாய்ஸ் மெசேஜ் ஒன்று தயார் செய்து தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் அதுவே பரவும். நாள், இடம், எந்த பஸ் ஸ்டாப், பணம் எதுவும் வேண்டாம், குழந்தைகளைக் கூட்டி வரலாம், அவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும்.

கடைசியாகப் பணம். பார்ப்பவருக்குத்தான் இலவசம், ஆடுபவருக்கு அல்ல. வண்டி வாடகை, சாப்பாடு, தங்கல், சன்மானம் எல்லாம் குழுவோடு முன்பே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். கல்லூரிக் கணக்கில் பில், வவுச்சர், கையெழுத்து என்று பாக்கி மாதக்கணக்கில் இழுக்கும். கலைஞர் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவார். அனுமதி வாங்கும்போதே மீதிப் பணத்துக்கான செக்கை நிகழ்ச்சித் தேதி போட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பாவைகள் பெட்டியில் ஏறுவதற்குள் அது புலவர் கைக்குப் போய்விட வேண்டும்.